போதிகையைப் பார்த்துக் காலம் சொன்னவர்



பொறியியல் சம்பந்தமாக ஏதாவது எழுதுப்பா என்றார்கள் மலர்க் குழுவினர். நான் எழுதப்போவதோ கோயில் தூண்களை ஆராய்ந்த ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றி. தலைப்பை விட்டு ஓடிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். ஒரு பொருளை நேரில் பார்க்காதவனுக்கும் அது விளங்கும்படி எழுத்தில் இறக்குவதுதான் நம்ம தொழிலில் பாதி. மெஷின் டிராயிங்கில் கோடு தப்பினால் மார்க்கோடு போயிற்று. வேலைக்குப் போன பிறகு, எழுதியது தெளிவாக இல்லை என்றால் பம்ப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்து நிற்பார்கள். இந்தக் கலையில் நான் வாத்தியாராக நினைப்பவர் ழுவோ துப்ரேய்.

1885-ல் பிறந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டிச்சேரிக்கு வந்து, இங்குள்ள கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். பாடம் நடத்திய நேரம் போக மற்ற நேரமெல்லாம் தென்னாட்டுக் கோயில்களைச் சுற்றினார். 1914-ல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவருடைய நூல் பிரெஞ்சு மொழியில் இரண்டு பாகங்களாக வந்தது. முதல் பாகம் கட்டடக்கலை, இரண்டாவது சிற்பங்களின் இலக்கணம். அப்போது அவருக்கு வயது முப்பது ஆகவில்லை!

அந்தக் காலத்தில் ஒரு கோயிலைக் காட்டி இது எந்த நூற்றாண்டு என்று கேட்டால் பதில் கிடைப்பது அபூர்வம். ஊர்க்காரர் சோழன் கட்டினது என்பார், இன்னொருவர் தேவர்கள் கட்டினது என்பார். படித்தவர்களுக்கு 1876-ல் வெளிவந்த ஜேம்ஸ் பெர்குசனின் பெரிய நூல் வழிகாட்டியாக இருந்தது. கல்வெட்டு இருந்தால் சரி, இல்லாத கோயிலுக்கு என்ன செய்வது?

துப்ரேய் செய்தது ரொம்ப எளிமையான காரியம். கோயில் மொத்தமும் அழகா இல்லையா என்ற பேச்சையே ஒதுக்கி வைத்துவிட்டு, உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். காலம் உறுதியாகத் தெரிந்த கோயில்களை எடுத்துக்கொண்டு, எந்த உறுப்பு காலத்துக்குக் காலம் மாறுகிறது என்று வரைந்து பார்த்தார். அப்படி அகப்பட்டதுதான் போதிகை. தூணின் தலையில் பலகை, அதன் மேல் போதிகை, அதற்கு மேல் உத்திரம். உத்திரத்தின் பாரத்தைத் தூணுக்கு இறக்கும் கைதான் போதிகை. நாம் பிராக்கெட் என்போமே, அதுதான்.

பல்லவர் காலத்துப் போதிகையின் அடிப்பக்கம் வளைந்து, அலை அலையாக இருக்கும். சோழர் காலத்தில் அதைச் சாய்வாகச் சீவிவிட்டது போலக் கோணம் வந்து, நடுவில் மட்டும் ஒரு துண்டு முன்னே நீட்டியிருக்கும். போகப் போக அந்தத் துண்டுதான் பூவாக மாறுகிறது. விஜயநகர காலத்தில் தாமரை மொட்டு போலக் கீழே தொங்கும். நாயக்கர் காலம் தாண்டி வந்தால் நீண்டு வாழைப்பூவாகவே ஆகிவிடும். கூட்டையும் இப்படியே பார்த்தார். கொடுங்கையின் மேல் வரிசையாக இருக்கும் லாட வடிவ அலங்காரம்தான் கூடு. பல்லவர் கூட்டின் உச்சி மண்வெட்டித் தகடு போலத் தட்டையாக இருக்கும், சோழர் கூட்டின் உச்சியில் சிங்கமுகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒர்க்‌ஷாப்பில் கேஜ் வைத்துப் பார்க்கிற மாதிரிதானே இது? 600 முதல் 850 வரை பல்லவர், 1100 வரை சோழர், 1350 வரை பாண்டியர், 1600 வரை விஜயநகரம், அதற்குப் பின் மதுரை என்று அவர் ஐந்து காலமாகப் பிரித்ததும் இந்த அடையாளங்களை வைத்துத்தான். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் ஒன்று செய்து பாருங்கள். 1010-ல் முடிந்த பெரிய விமானத்தின் போதிகையைப் பார்த்துவிட்டு, அதே பிராகாரத்தில் நாயக்கர் கட்டிய முருகன் சன்னதிக்கு நடந்து போய் அங்கேயும் நிமிர்ந்து பாருங்கள். கைடு தேவைப்படாது.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது வேறொன்று. உறுப்புகளுக்குப் பெயர் வேண்டுமே, பாரீஸில் உட்கார்ந்து கிரேக்கப் பெயர்களை ஒட்டவைக்கவில்லை. கல் உளியோடு இருந்த சிற்பிகளிடமே போய்க் கேட்டார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நடந்த புதிய கல்வேலையும் அவருக்குப் பாடமாக இருந்தது. போதிகை, பலகை, கூடு, நாகபந்தம் என்று அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே பிரெஞ்சுப் புத்தகத்தில் வைத்தார். பெயர் தெரிந்தவன் தொழிலாளிதான் என்பது அந்தப் பேராசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் ஃபிட்டரிடம் கேட்டு ரிப்போர்ட் எழுதுகிறோம்?

பிறகு பல்லவர் பக்கம் தீவிரமாக இறங்கினார். 1916-லும் 1918-லும் அது பற்றிய நூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. மகேந்திரன் குகைகள் பலவும் நம் பகுதிக்கு மேற்கே உள்ளவை. அதில் மண்டகப்பட்டு எல்லோரும் பார்க்க வேண்டிய இடம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் இதைச் செய்வித்தேன் என்று மன்னன் வெட்டி வைத்த செய்தி அங்கே இருக்கிறது. எது இல்லாமல் செய்தது என்று பட்டியல் போட்ட ஸ்பெசிஃபிகேஷன்! சித்தன்னவாசல் ஓவியங்களை 1920-ல் உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் இவர். 1931-ல் காஞ்சி கைலாசநாதர் கோயில் ஓவியங்களைக் கண்டெடுத்தவரும் இவரே.

அவர் முடிவுகள் எல்லாம் அப்படியே நிற்கவில்லை. மாமல்லபுரத்தில் எது எந்த மன்னன் செய்தது என்பதில் 1960-களில் பெரிய சர்ச்சையே கிளம்பியது. கலை இப்படி நேர்கோட்டில் வளருமா என்றும் கேட்டார்கள். சண்டை போட்டவர்களும் போதிகையையும் கூட்டையும் வைத்துத்தான் பேசினார்கள்.

1937 வாக்கில் அரிக்கமேட்டுப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடிய மணிகளையும் கற்களையும் வாங்கினார். அதில் ஒரு சிறு கல்லில் செதுக்கியிருந்த தலை ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் என்று அடையாளம் சொன்னார். இங்கே ரோமானியத் தொடர்பு இருந்தது என்று அரசுக்கும் தெரிவித்தார். 1945-ல் அவர் காலமானார். அதே வருஷம்தான் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் குழி வெட்டி, மண்ணடுக்கு மண்ணடுக்காக எழுதி, இத்தாலிய மண்பாண்டத்தை வைத்து அந்த ஊரின் காலத்தை நிறுத்தினார்.

வீலருக்குப் பின் வந்த கசால், அரிக்கமேட்டோடு நிற்காமல் எங்கள் சுத்துக்கேணிக்கும் வந்து ஈமக்குழிகளைத் தோண்டினார். அவரும் அவர் மனைவியும் எழுதிய நூல் 1956-ல் வெளிவந்தது, தலைப்பிலேயே எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. அங்கே கிடைத்த பொன் நகைகள் ஊரை விட்டுப் போய்விட்டன. எங்கள் தெருவில் கேட்டால் புதையல் எடுத்த கதை என்று நாலு விதமாகச் சொல்வார்கள். எந்தக் குழியில், எதன் பக்கத்தில், என்ன கிடைத்தது என்பது அந்தப் பிரெஞ்சுப் புத்தகத்தில் இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த ஜூனியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து தமிழில் கொண்டுவரலாம்.