மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன்

மானிப்பாய் கிறீன் வைத்தியசாலையின் பெயரிலுள்ள கிறீன் யார் என்று கேட்டால், வெள்ளைக்கார டொக்டர் என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். அந்த வெள்ளைக்காரர் தமிழில் மருத்துவம் படிப்பித்தவர் என்பது மானிப்பாயிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். 1845 இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். நியூயோர்க்கின் சென்ரல் பார்க் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான அன்ட்ரூ கிறீன் இவரது அண்ணன். தம்பியும் அங்கேயே தொழில் நடத்தி வசதியாக வாழ்ந்திருக்கலாம். 1847 இல் மாதக்கணக்கில் பாய்க்கப்பலில் பயணம் செய்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25. சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்துவிட்டு 1848 இல் மானிப்பாய்க்கு வந்தார்.

அவர் மிஷனரியாகவே வந்தார். கிறிஸ்தவத்தைப் பரப்புவது அவரது நோக்கங்களில் ஒன்று, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கிறிஸ்தவராகும் தமிழர் வெள்ளைக்காரரைப் போல உடுத்தி, நடந்து, சொந்த ஊருக்கே அந்நியராகிவிடுவதை அவர் விரும்பவில்லை. தன் மாணவர்கள் தமிழருக்குரிய உடையிலேயே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். அந்தக் காலத்து மிஷனரிகள் எல்லோரும் இப்படி நினைத்தவர்கள் அல்ல.

வந்த நாளிலிருந்தே தமிழ் படித்தார். நோயாளியிடம் எங்கே நோகிறது என்று கேட்பதற்கு மட்டுமல்ல, எலும்பையும் நரம்பையும் தமிழில் விளக்குவதற்கும் அந்த மொழி அவருக்குத் தேவைப்பட்டது. முதலில் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். படித்து முடித்தவர்களுக்கு ஆங்கிலம் அரசாங்க உத்தியோகத்துக்கு வழி திறந்தது. கிராமத்து நோயாளியோ வைத்தியர் இல்லாமல் கிடந்தார். இதைக் கண்ட கிறீன் 1860களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். உத்தியோகக் கனவோடு வந்த மாணவர்களுக்கு இது உவப்பாக இருந்திருக்காது. அவர் பின்வாங்கவில்லை.

தமிழில் படிப்பிக்க நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். அதற்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்: முதலில் தமிழில் தேடுவது, அங்கே இல்லையென்றால் வடமொழியில் பார்ப்பது, அதிலும் அகப்படாவிட்டால் மட்டும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது. அவரும் மாணவர்களுமாக மொழிபெயர்த்தார்கள், திருத்தினார்கள், அச்சிட்டார்கள். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று நூல்கள் வந்தன. எல்லாம் சேர்ந்து 4000 பக்கங்களுக்கும் மேல். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் படித்து வெளியேறினார்கள். 1866 இல் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி ஊரூராகப் பரவி உயிர்களைக் கொண்டுபோன நாட்களில் மக்களுக்கு இருந்த துணைகளில் கிறீனின் வைத்தியமும் ஒன்று.

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கமுடியவில்லை. உடம்பில் ஷெல் துண்டோடு மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிறவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கொப்பியில் எழுதப்படுவது ஆங்கிலம். தன் உடம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டறிய வேண்டியிருக்கிறது. 150 வருடங்களுக்கு முன்பு மானிப்பாயில் தொடங்கிய வேலை இடையில் எங்கே அறுந்தது என்று யாராவது எழுதவேண்டும்.

கிறீனின் சொந்த வாழ்வைப் பற்றியும் சொல்லவேண்டும். பத்து வருடம் தனியாளாக உழைத்து உடல் தளர்ந்தபின், 1857 இல் ஊருக்குப் போனார். அங்கே 1862 இல் மாகிரட் என்பவரை மணந்து, அவரையும் கூட்டிக்கொண்டு மானிப்பாய்க்குத் திரும்பினார். தமிழ் வகுப்பும் பெரும்பாலான நூல்களும் இந்த இரண்டாவது வரவுக்குப் பின்னர்தான் வந்தன. வீட்டில் குடும்பம் என்று ஒன்று இருந்தது அவரைத் தாங்கியது என்றே நினைக்கிறேன். 1873 இல் உடல்நலம் மீண்டும் குன்ற, மனைவி பிள்ளைகளுடன் நிரந்தரமாக அமெரிக்கா திரும்பினார்.

அங்கே போயும் ஓயவில்லை. வூஸ்ரரில் இருந்துகொண்டு தமிழ் நூல்களைத் திருத்தினார். மனுஷ சுகரணம் 1883 இல் வெளிவந்தது. மறு வருடம் மே மாதம் அவர் இறந்தார்.

இறுதிச் சடங்குக்குப் பணத்தைக் கொட்டவேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். கல்லறைக்குக் கல் நாட்டுவதானால் அது எளிய கல்லாக இருக்கட்டும், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்பது அதில் பொறிக்கப்படட்டும் என்றும் கேட்டிருந்தார். அந்தக் கல் வூஸ்ரரில் இருக்கிறது.