எலிசபெத்து லீ ஹேசன் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசிசிப்பி மாகாணத்து ரிச் என்னும் சிற்றூரில் 1885-ஆம் ஆண்டு பிறந்தவர் இவ்வம்மையார். நினைவு தெரியுமுன்னரே தாய் தந்தையரை இழந்த இவரை உற்றார் வளர்த்தனர். பள்ளி ஆசிரியையாய்ப் பௌதிகமும் உயிர்நூலும் பயிற்றிய பின், கொலம்பியாப் பல்கலைக் கழகத்திற் பயின்று 1927-இல் டாக்டர் பட்டம் எய்தினார். அப்பொழுது நாற்பதைக் கடந்த வயது. 1931 முதல் நியூயார்க்கு மாகாணச் சுகாதார இலாகாவின் ஆய்வுக்கூடத்தில் பணி புரிந்தார்.

இவர் புகழுக்குக் காரணமான நோயைப் பற்றிப் பேச மகளிர் நாணுவர். ஆடவரோ கேட்கவும் விரும்பார். ஆயினும் பெண்டிர் நால்வருள் மூவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் படுந் துன்பத்தை நாம் மறைத்து ஆவதென்ன? காண்டிடா என்னும் நுண்ணிய பூஞ்சை பலருடைய பிறப்புறுப்பில் இயல்பாகவே சிறிதளவு தங்கியிருக்கும். அங்கு வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அது மிகாதவாறு காக்க உதவுவன. பெனிசிலின் போன்ற மருந்துகள் நோய்க்கிருமிகளோடு இவற்றையும் அழித்துவிடின், பூஞ்சை தடையின்றிப் பெருகும். கருவுற்ற காலத்தும், அடங்காத நீரிழிவிலும் அவ்வாறே. நமைச்சல், எரிச்சல், தயிர்த்திரள் போன்ற வெண்கசிவு ஆகியன தோன்றும். இதனை ஒழுக்கக் கேட்டின் பயனென்று தூற்றுவது வெறும் அறியாமை.

பெனிசிலின் பரவிய நாளில் பூஞ்சை நோய்களும் மிகுந்தன. ஏற்ற மருந்தோ இல்லை. 1948-இல் ஹேசன் அம்மையார், ஆல்பனி நகரிலிருந்த ரேச்சல் பிரௌன் என்னும் இரசாயன அறிஞருடன் கூடி ஆராயத் தொடங்கினார். பல இடத்து மண்ணினின்றும் நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்து, பூஞ்சையை எதிர்ப்பனவற்றை ஹேசன் தபாலில் அனுப்புவார். பிரௌன் அவற்றின் சத்தைப் பிரித்து மீண்டும் தபாலிலேயே விடுப்பார். பூஞ்சையைக் கொன்றவற்றுட் பல, சோதனை விலங்குகளையும் கொன்றன. இறுதியில் கைகொடுத்தது வர்ஜீனியாவில் நண்பர் நர்ஸ் என்பாரது பண்ணை மண். அதிலிருந்து பெற்ற மருந்தை 1950-இல் உலகிற்கு அறிவித்தனர். பூஞ்சையின் மேலுறையிலுள்ள கொழுப்புப் பொருளொன்றைப் பற்றித் துளையிட்டு அதனை மாய்ப்பது அம்மருந்தின் இயல்பு. குடலில் அது பெரும்பாலும் உட்கொள்ளப்படாமையின், பிறப்புறுப்பினுள்ளேயே இடும் மாத்திரையாகவும் செய்யப்பட்டது.

இக்காலத்தில் குளோட்ரிமசோல், ஃபுளூகோனசோல் ஆகியனவே பெரிதும் முதற்கண் வழங்கப்படுகின்றன. அவற்றுக்கு அடங்காத சில வகைகளுக்குப் பழைய மருந்து இன்றும் துணையாகும். வெண்கசிவு யாவும் இந்நோயன்று. ஆகலின் மருத்துவர் ஆராய்ந்து உறுதி செய்தல் வேண்டும். கருவுற்றோர்க்கு வாய்வழி மாத்திரையை விடுத்து, உறுப்பில் இடும் மருந்தையே தருவர்.

உரிமைத்தொகையாக வந்தது ஏறக்குறைய 1 கோடியே 30 இலட்சம் டாலர். இருவரும் தமக்கெனக் காசும் கொள்ளாது, அனைத்தையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே விட்டனர். நுண்ணுயிருக்குப் பண்ணைக்காரர் பெயரும், மருந்துக்கு நியூயார்க்கு மாகாணத்தை நினைவூட்டும் நிஸ்டாட்டின் என்ற பெயரும் வாய்த்தன. கண்ட இருவர் பெயரும் இரண்டிலும் இல்லை என்பது நமக்குச் சிறிது குறையாகவே படுகின்றது. ஹேசன் அம்மையார் 1975-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சியாட்டில் நகரிற் காலமானார்.