துருவுக்கு ஒரு லேப்... 300 ஏக்கர் கொடுத்த அழகப்பர்!

சேலத்திலிருந்து ஏற்காடு போகும்போது, மலையடிவாரப் பக்கம் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் சுரங்கங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே சேர்வராயன் மலையில் பாக்சைட். முதலாவதில் இருப்பது மெக்னீசியம், இரண்டாவதில் அலுமினியம். இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க இந்த இரண்டு உலோகங்களையும் பலி கொடுப்பது வழக்கம். மண்ணில் புதைந்த குழாய்க்கு மெக்னீசியம், கடலுக்குள் கிடக்கும் குழாய்க்கு அலுமினியக் கலவை. குழாயோடு இணைத்துவிட்டால், இரும்புக்குப் பதிலாக இவை கரைந்துபோகும்.

இந்த அரிமான ஆராய்ச்சிக்கு நம்மூரில் பெரிய முகவரி, காரைக்குடி ‘சிக்ரி’. மத்திய அரசின் இந்த மின்வேதியியல் ஆய்வகம் அந்த வறண்ட பூமிக்கு எப்படி வந்தது? அழகப்ப செட்டியார் என்ற ஒரு மனிதரால்.

1909 ஏப்ரல் 6-ல் கோட்டையூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. போன இடத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். திருச்சூர் பக்கம் நூற்பாலை தொடங்கினார், அந்த ஊருக்கே அழகப்பா நகர் என்று பெயர் வந்துவிட்டது. ஆங்கிலேய அரசு ‘சர்’ பட்டம் கொடுத்தது. சம்பாதித்ததைக் கல்விக்குக் கொட்டினார். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார்.

சுதந்திரம் வந்த கையோடு தேசிய ஆய்வகங்கள் அமைக்கும் வேலை நடந்தது. மின்வேதியியலுக்கான ஆய்வகம் காரைக்குடிக்கு வர, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அழகப்பர். அந்தக் காலத்து 15 லட்சம்! 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

துருவுக்குப் போய் ஆய்வகமா என்று தோணலாம். கணக்கைப் பாருங்க. 6 மி.மீ. தடிமனுள்ள குழாய் 10 வருஷத்தில் 5 மி.மீ. ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 0.1 மி.மீ. போகிறது. அழுத்தம் தாங்கக் குறைந்தது 4 மி.மீ. வேண்டுமென்றால், மிச்ச ஆயுள் இன்னும் 10 வருஷம். தடிமனை வெளியிலிருந்தே அல்ட்ராசோனிக் கருவியால் அளக்கலாம். இன்னொரு வழி, எடை போட்ட சின்ன உலோகத் துண்டைக் குழாய்க்குள் சில மாதம் விட்டு, எடுத்துச் சுத்தம் செய்து, எவ்வளவு எடை குறைந்திருக்கிறது என்று பார்ப்பது.

ஆனால், சராசரி ஏமாற்றும். குழாய் முழுக்க நல்லா இருக்கும். ஒரே ஒரு இடத்தில் ஊசிக்குழி விழுந்து ஓட்டையாகிவிடும். ஓட்டை விழாவிட்டாலும், உள்ளே துரு படிந்து சொரசொரப்பானால் அதே தண்ணீரைத் தள்ள பம்புக்குக் கூடுதல் கரண்ட் ஆகும்.

தான் இடம் கொடுத்த ஆய்வகத்தின் வளர்ச்சியை அழகப்பர் நான்கே வருஷம்தான் பார்த்தார். 1956-ல் பத்மபூஷண். 1957 ஏப்ரல் 5-ல், 48-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், காலமானார். பின்னாளில் சிக்ரி கடற்கரைக்கும் போனது. ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபத்தில் உப்புக்காற்று படும்படி உலோகத் தகடுகளை வைத்து, எது எவ்வளவு அரிக்கிறது என்று அளந்தார்கள்.