உடன்பிறந்தோரைப் பறித்த குடல் நோய்: மருந்து தேடிய டாக்டர் சுப்பாராவ்

பாடாங் செராய், கூலிம் வட்டாரத்தில் கர்ப்பிணிப் பெண்கள் அரசு கிளினிக்கில் வாங்கிவரும் மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் ஒன்று. அந்தச் சின்ன மாத்திரைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் துயரம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

டாக்டர் யெல்லபிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12ஆம் தேதி அன்றைய மதராஸ் மாகாணத்தின் பீமவரத்தில், ஏழைத் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். மட்டுமே கிடைத்தது.

அந்தக் காலத்தில் ஸ்புரூ என்ற குடல் நோய் பலரை வாட்டியது. குடலின் உட்சுவர் கெட்டு, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் ஆளை உருக்கிவிடும். சுப்பாராவின் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அந்நோய்க்குப் பலியாயினர். அவரையும் அது விடவில்லை. ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார்.

மனைவியை ஊரில் விட்டு அமெரிக்கா சென்றவர், மருத்துவமனையில் இரவு வேலை பார்த்து, நோயாளிகளின் மலச்சட்டி கழுவி, ஹார்வர்டில் ஆய்வு செய்தார். அங்கு நிரந்தரப் பதவி கிடைக்காததால் 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். 1945இல் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூ நோயாளிகளின் இரத்தச்சோகைக்கு அது மருந்தானது. அவர் தலைமையில் இயங்கிய ஆய்வகத்தில்தான் முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தான ஆரியோமைசினும் பிறந்தது. இன்றும் ஸ்புரூவுக்கு ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன.

ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்துகளையும் அவரது குழு உருவாக்கியது. அந்த வரிசையில் வந்ததே மெத்தோட்ரெக்சேட். முதலில் இரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்ட இம்மருந்து வகை, பின்னர் முடக்குவாதத்துக்கும் க்ரோன்ஸ் என்ற குடல் அழற்சிக்கும் உதவியது. க்ரோன்ஸ் நோயில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தக் குடலைத் தாக்குகிறது. மெத்தோட்ரெக்சேட் அந்த வேகத்தைக் குறைக்கிறது. பக்கவிளைவு தணிய, அதனுடன் ஃபோலிக் அமிலமும் தருகிறார்கள்.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் சுப்பாராவ் காலமானார். ஊர் திரும்பவே இல்லை. மனைவியையும் மீண்டும் பார்க்கவில்லை.

வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், உடல் மெலிவு என்றால் வெறும் சூடு என்று விட்டுவிடாதீர்கள். அவர் சகோதரர்களுக்கு அன்று மருந்து இல்லை. நமக்கு இருக்கிறது, கிளினிக்குக்குப் போவதுதான் பாக்கி.