தவிட்டின் விலையறிந்த குமரப்பா

உண்ணும் பொருளில் எது சத்து, எது சக்கை என்று பிரித்தறிதல் எளிதன்று. ஒரு காலத்திற் சக்கையெனத் தள்ளப்பட்டது மற்றொரு காலத்தில் உடல்நலங் காப்பதெனப் போற்றப்படுதலும் உண்டு. அரிசியின் மேலுள்ள தவிடு அத்தகையது. அது வீணாவதைக் கண்டு, அவ்விழப்பை நாட்டின் கணக்கில் எழுதிக் காட்டிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா ஆவர்.

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், தஞ்சை மாநகரிற் கிறித்தவக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். இளமையில் அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்பது. குமரப்பா என்னும் குடும்பப் பெயரைப் பிற்காலத்தில் ஏற்றார். இலண்டன் சென்று கணக்காய்வுக் கலையிற் தேர்ச்சி பெற்றுப் பம்பாயில் அத்தொழிலை நடத்தினார். பின்னர் 1927ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு சென்று, சிரக்கியூஸ், கொலம்பியா என்னும் பல்கலைக்கழகங்களிற் பயின்றார். ஆங்கிலேயர் ஆட்சியின் வரவு செலவு முறையே இந்தியாவின் வறுமைக்குக் காரணமாயிற்று என்பதை ஆங்கு ஆராய்ந்து நூலாக எழுதினார்.

அந்நூலோடு 1929ஆம் ஆண்டு மே திங்களிற் சபர்மதி ஆசிரமத்தை அடைந்து காந்தியடிகளைக் கண்டார். மேனாட்டு உடை அணிந்திருந்த அவர், சாணம் மெழுகிய தரையில் அடிகளின் எதிரே அமர்ந்து உரையாடினார். அச்சந்திப்பு அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றியது. பெரும்பொருள் தரும் தொழிலைத் துறந்தார், கதருடை பூண்டார். அடிகளின் விருப்பப்படி குசராத்தில் மாத்தர் வட்டத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, உழவர்தம் வருவாயையும் கடனையும் ஆராய்ந்து எழுதினார். விடுதலைப் போரிற் பன்முறை சிறை புகுந்தார்.

கணக்கில் நேர்மை அவருக்கு உயிர்நிலை. 1934ஆம் ஆண்டிற் பீகார் நாடு நிலநடுக்கத்தால் அழிவுற்றபோது, துயர்துடைப்பு நிதியின் கணக்கு அவர்பால் ஒப்படைக்கப்பட்டது. தொண்டர் ஒருவரின் அன்றாட உணவுச் செலவுக்கு மூன்று அணா என வரையறுத்தார். காந்தியடிகளின் குழுவினர் அங்கு வந்தகாலை, அவர்தம் செலவையும் அந்நிதியிலிருந்து ஈதற்கு அவர் இசையவில்லை. ஏழையின் பொருளுக்கு உறவும் இல்லை, பெருமையும் இல்லை என்பது அவர் கொள்கை.

அவ்வாண்டின் இறுதியில் அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் தோன்றியது. வார்தாவிலிருந்த அதன் நிலையத்தைக் குமரப்பா செயலாளராயிருந்து நடத்தினார். செக்கெண்ணெய், பனைவெல்லம், கையாற் செய்யும் தாள், தேனீ வளர்த்தல் ஆகியவற்றோடு நெற்குத்தலும் அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று.

அந்நாளில் ஊர்தோறும் அரிசி ஆலைகள் பெருகி வந்தன. உரலும் உலக்கையுங் கொண்டு குத்திய அரிசியிற் தவிட்டின் பெரும்பகுதி நின்றது. ஆலையிற் தீட்டிய அரிசியோ வெண்முத்துப்போல் ஒளிர்ந்தது. மக்கள் அவ்வெண்மையை விரும்பினர். தவிட்டிலுள்ள எண்ணெய் நாட்பட்டாற் சிக்குநாற்றம் கொள்ளும். ஆதலின் தவிடு நீங்கிய அரிசியே நெடுநாள் சேமித்தற்கு ஏற்றதென வணிகரும் அதனை விரும்பினர். குமரப்பாவோ ஆலையின் ஐந்தொகையிற் காணாத இழப்புகளை எண்ணினார். நெற்குத்தி வாழ்ந்த ஏழைப் பெண்டிர் கூலியிழந்தமை ஓர் இழப்பு. உண்போர் சத்திழந்தமை மற்றோர் இழப்பு. அரிசியை மிகத் தீட்டி உண்போர்க்குத் தவிட்டிலுள்ள உயிர்ச்சத்துக் குறைந்து பெரிபெரி என்னும் நோய் உண்டாதலை மருத்துவர் அறிந்திருந்தனர். அவ்வப்போது வேண்டிய நெல்லை அவ்வவ்வூரிலேயே குத்திக்கொண்டால், கூலியும் நிற்கும், சத்தும் நிற்கும், தவிடு கெடுதற்கும் இடமிராது என்பது அவர் கண்ட வழி. சிறையிலிருந்த காலத்தில் அவர் இயற்றிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல், இயற்கையின் செல்வத்தை அழியாது துய்க்கும் நெறியை விரித்துரைக்கின்றது.

நாடு விடுதலை பெற்றபின் பெரிய ஆலைகளை நாடிய திட்டங்கள் அவர் உள்ளத்திற்கு ஒவ்வவில்லை. உயர்ந்த குருதியழுத்தமும் அவர் உடலை நலிவித்தது. ஆகவே, மதுரைக்குத் தென்மேற்கே கரிசல் நிலத்தில் அமைந்த தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தை அடைந்து, எளிய குடிலில் வாழ்ந்து, சிற்றூர்த் தொண்டர்க்கு வழிகாட்டினார். இறுதியில் 1960ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் மதுரை மாநகரில் இயற்கை எய்தினார். அடிகள் மறைந்த நாளும் அதுவே என்பது நினைவு கூரத்தக்கது.

அவர் மறைந்த பின்னரே தவிட்டின் மற்றொரு பெருமை நன்கு விளங்கலாயிற்று. தவிட்டிலும், பருப்பிலும், கீரையிலும், காயிலும், கனியிலும் உள்ள நார்ச்சத்து நம் சிறுகுடலிற் செரிப்பதன்று. ஆதலின் அதனைப் பயனற்றதென அறிஞர் பலர் கருதியிருந்தனர். ஆப்பிரிக்காவில் மருத்துவப் பணி புரிந்த பர்க்கிட், திரோவெல் என்போர், 1970க்குப் பின்வந்த ஆண்டுகளில் அதன் சிறப்பை உலகறியச் செய்தனர். நார்ச்சத்து வயிற்றை நிறைத்துப் பசியை அடக்கும். பருப்பு முதலியவற்றிலுள்ள கரையும் நார் கூழ்போலாகிச் சர்க்கரை குருதியில் விரைந்து கலவாமற் தடுக்கும். பித்தநீரைப் பற்றி வெளியேற்றிக் கொழுப்பைக் குறைக்கும். பெருங்குடலின் நுண்ணுயிர்கட்கு உணவாகி நன்மை பயக்கும்.

இடை பருத்தல், குருதியழுத்தம் உயர்தல், குருதியிற் சர்க்கரை மிகுதல், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுதல், நல்ல கொழுப்புக் குறைதல் என்னும் ஐந்தில் மூன்று ஒருவரிடம் கூடினால், அதனை வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி என்பர். நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் அது வாயில். இந்தியாவில் நீரிழிவுற்றோர் 10 கோடிக்கு மேற்பட்டனர் என 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகின்றது. சென்னையில் உடல் பருத்த சிலரிடம் நிகழ்த்தி 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தீட்டிய அரிசியை விடுத்துத் தவிடு நீக்காத அரிசியை உண்டபோது, குருதிச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. வளர்ந்தோர் நாள்தோறும் 25 கிராம் நார்ச்சத்தேனும் உண்ணல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. எனினும் தவிட்டரிசி ஒன்றே நோய்தீர்க்கும் மருந்தாகாது. அளவான ஊணும், பருப்பும் காய்களும், உடலுழைப்பும் உடன் வேண்டும்.

குமரப்பா மருத்துவர் அல்லர். நார்ச்சத்தின் செயலை ஆராய்ந்தவரும் அல்லர். ஆயினும் இயற்கை கூட்டித் தந்ததைக் கண்ணுக்கினிய வெண்மைக்காகக் கழித்தல் தகாது என்று அவர் வற்புறுத்தினார். அவர் எழுதிய கணக்கிற் பெண்டிர் கூலியும், உண்போர் உடல்நலமும் வரவாக இடம்பெற்றன. ஒரு பொருளின் விலையைக் கடைக்காரர் கூறுவர்; அதனால் நாம் பெறுவதும் இழப்பதும் எவையென நாமே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எண்ணப் பழகுதலே அப்பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.