கோ. நடேசய்யரும் நம் முன்னோர் காலமும்

மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்த நம்மிற் பலருக்குப் பாட்டனார் பெயர் தெரியும். அவர் எந்த ஆண்டில் கடல் கடந்து வந்தார் என்பது தெரியாது. பெரிய சண்டைக்கு முன் என்றோ பஞ்ச காலத்தில் என்றோதான் முதியோர் கூறுவர். அக்காலத்தை ஆண்டுகளோடு அறிந்துகொள்ளப் பெரியார் கோ. நடேசய்யரின் வாழ்க்கை நமக்கு ஒரு கைவிளக்கு.

தஞ்சை மண்ணில் 1887ஆம் ஆண்டு அவர் பிறந்தார். இம்மலைகளிற் கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலம் அது. முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த 1915இல் வர்த்தகர் மாநாடொன்றிற்காக இலங்கை வந்தார். அந்நியர் தோட்டத்துள் நுழைதல் அன்று எளிதன்று. துணி வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குட் சென்று தொழிலாளர் நிலையைக் கண்டார் என்பது வழிவழி வந்த செய்தி. கடனையே விலையாக்கி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டு முறை நிலவிய நாட்கள் அவை. அம்முறை 1921இற்றான் சட்டப்படி ஒழிந்தது.

அவர் இங்கேயே தங்கினார். தேசநேசன், தேசபக்தன் ஆகிய ஏடுகளை நடத்தினார். சட்டநிரூபண சபையிலும் இடம்பெற்றார். 1927இற் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் பிறந்தது. அதன்படி மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என விதிக்கப்பட்டது. ஆனால் 1929இல் உலகெங்கும் பொருளாதார மந்தம் மூண்டது. தேயிலை விலை சரிந்தது, சம்பளமும் குறைக்கப்பட்டது. அவ்வேளையிற்றான், 1931இல், அட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கத்தை அவர் நிறுவினார். துணைவியார் மீனாட்சி அம்மையார் தாமே பாட்டியற்றி, மேடைதோறும் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். சர்வசன வாக்குரிமையின் பயனாக 1936இல் அட்டன் தொகுதி மக்கள் ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பினர்.

1939இல் இந்திய அரசு தொழிலாளர் இங்கு வருவதைத் தடைசெய்தது. அவ்வாண்டே இரண்டாம் மகாயுத்தம் மூண்டது. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானார். அதுவரை வந்தோரும் அவர்தம் மக்களுமே இனி மலையகம் என்றாயிற்று. 1947 தேர்தலில் ஐயர் தோல்வி கண்டார். அவ்வாண்டு நவம்பரில் மறைந்தார்.

மறுவருடம் நாடு சுதந்திரமடைந்தது. உடனே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தந்தை இங்கு பிறந்தவரா, அன்றேற் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்களா என்று அது கேட்டது. பிறப்புப் பத்திரம் காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்து அக்கரைக்கு அனுப்பியது. எஞ்சியோர்க்கு முழு விடிவு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது.

குடும்ப வரலாறு வெறும் பழங்கதையன்று. ஒருகாலத்தில் அதுவே உரிமையின் அளவுகோலாக இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. இளைஞர்காள்! நம் வீட்டு முதியோரிடம் ஊர், தோட்டம், கங்காணி பெயர், வந்த காலம் யாவையும் கேட்டு இன்றே எழுதி வைப்போமாக. பெரியோர்காள்! கேட்பவர்க்குச் சலியாது சொல்லுங்கள். நம்மை ஏட்டில் ஏற்றிய அப்பெரியார்க்கு இதனினும் சிறந்த அஞ்சலி வேறில்லை.