சாயத்தில் பிறந்த மருத்துவம்: டாக்டர் பால் எர்லிக்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈசினோபில் இத்தனை சதவீதம் என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஓயாத இருமலும் இரைப்பும் இருந்தால் டாக்டர் அந்தக் கணக்கையும் கேட்பதுண்டு. அந்த அணுவுக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக்.

இவர் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. அப்போது ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் தயாராகிவந்தன. துணிக்கு ஏறும் சாயம் உடலின் அணுக்களுக்கும் ஏறுமா என்று ஆராய்வதே மருத்துவ மாணவரான எர்லிக்கின் வேலையாக இருந்தது. தாயாரின் உறவினரான கார்ல் வைகர்ட் இதில் அவருக்கு வழிகாட்டினார்.

இரண்டு அணுக்கள்

1878-ல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சியில், பொடி பொடியான துகள்கள் நிறைந்த ஓர் அணுவை விவரித்தார். நன்றாகத் தின்று கொழுத்த அணு என்று நினைத்து, அந்தப் பொருள் தரும் ஜெர்மன் சொல்லால் மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். 1879-ல் இயோசின் என்ற சாயம் பட்டதும் பளிச்சென்று சிவக்கும் வெள்ளணுவைப் பிரித்துக் காட்டினார். அதுவே ஈசினோபில். இவ்விரண்டும் உடலில் என்ன வேலை செய்கின்றன என்பது அன்று யாருக்கும் தெரியாது.

பிறகு அவரையே காசநோய் பற்றியது. தம் சளியில் காசக் கிருமி இருப்பதைத் தாமே கண்டார். எகிப்துக்குச் சென்று தங்கி, உடல் தேறி, 1889-ல் பெர்லின் திரும்பினார். நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகாஃப் அவருடன் பகிர்ந்துகொண்டார்.

சாயம் குறிப்பிட்ட அணுவை மட்டும் பற்றுவதுபோல, நோயின் மூலத்தை மட்டும் தாக்கி உடலைத் தொடாத மருந்து வேண்டும் என்பது அவர் கனவு. மேக நோய்க்கு 606 என்ற எண்ணுள்ள மருந்து பலன் தரும் என்று 1909-ல் அவரும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்டார்கள். 1915 ஆகஸ்ட் 20-ல் எர்லிக் காலமானார்.

ஆஸ்துமாவின் ரகசியம்

அவர் காணாத மீதிக் கதை பின்னர் வெளிவந்தது. மாஸ்ட் செல்லின் துகள்களில் ஹிஸ்டமின் இருப்பது 1953-ல் தெரிந்தது. தூசி போன்ற ஒவ்வாத பொருள் பட்டதும் அது வெளிப்பட்டு மூச்சுக்குழாயைச் சுருக்குகிறது. பின்னால் வந்து சேரும் ஈசினோபில்கள் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குகின்றன.

இவற்றை ஏவுவது யார்? உடலில் உட்கரு உள்ள அணுக்களில் ஏறக்குறைய எல்லா ஜீன்களும் இருக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எந்த ஜீன் விழிக்கிறது, எது உறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர் பலரின் மூச்சுக்குழாயில், சிலவகை வெள்ளணுக்களுக்குள் இன்டர்லூக்கின்-5 என்ற பொருளைச் செய்யும் ஜீன் அளவுக்கு மீறி விழித்திருக்கிறது. அந்தப் பொருள் ஈசினோபில்களைப் பெருக்கி, அவற்றின் ஆயுளையும் நீட்டுகிறது. உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்து இத்தகைய ஜீன்களை அடக்குகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகையால்தான் இரைப்பு இல்லாத நாளிலும் அதை விடாமல் எடுக்கும்படி டாக்டர்கள் சொல்கிறார்கள்.

அதற்கும் அடங்காத கடும் ஆஸ்துமாவும் உண்டு. ஈசினோபில் மிகுந்த அத்தகைய நோயாளிகளுக்காக, இன்டர்லூக்கின்-5-ஐ மட்டும் பிடித்து முடக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்கா 2015-ல் அனுமதி தந்தது. எர்லிக் மறைந்து சரியாக நூறாவது ஆண்டு அது. குறி வைத்துத் தாக்கும் மருந்து என்ற அவர் கனவு, அவரே பெயரிட்ட அணுவின் விஷயத்தில் பலித்தது.